சியாச் செடியும் பசுந்தாள் உரமும்

(ஆழ்வார்பேட்டையில், வீட்டுத் தோட்டம் போடுவோரும் கிராமங்களில் நிலம் உடையோரும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சியாச் செடியைப் பசுந்தாள் உரத்திற்காகவும் நிலத்தை மூடும் பயிராகவும் வளர்க்கலாமா என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கிராமத்தில் இக்கேள்வியை இதுவரை எவரும் என்னிடம் கேட்டதில்லை. ஆழ்வார்பேட்டையில்தான் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. இப்பகுதியில் இயற்கை விளைபொருள் விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், கம்பு, சாமை, தினை இவற்றுக்குப் பக்கத்தில் சியா விதைப் பொட்டலம் அடுக்கப்பட்டிருக்கிறது. காலையில் அதை ஊற வைத்து அருந்துவோர் இக்கூட்டத்திலேயே பலர் இருக்கலாம். ஊற வைத்த விதை மிகுந்து போய் மாடியில் ஒரு தொட்டியில் கொட்டினால், சில நாட்களில் பசேலென்று முளைத்து விடுகிறது. இவ்வளவு எளிதில் தழைக்கும் செடியை ஊரிலுள்ள நமது வயலில் விதைத்து மடக்கி உழுதால் என்ன என்று நினைப்பது இயல்பே. இங்கு வந்திருக்கும் உங்களில் பலருக்குச் செங்கற்பட்டுப் பக்கத்திலோ, தஞ்சை, நாகைப் பக்கத்திலோ பூர்வீக நிலம் இருப்பதாகத் தலைவர் என்னிடம் கூறினார். ஆகவே மாடித் தொட்டியைப் பற்றியும் பேசுகிறேன். அந்த வயலைப் பற்றி அதைவிடச் சற்று அதிகமாகவே பேச எண்ணுகிறேன்.

நான் வேளாண்மைத் துறை அதிகாரி அல்லன். வேளாண்மையில் ஐயம் வந்தால் எங்கள் வட்டாரத்து வேளாண்மை உதவி இயக்குநரிடம் கேட்டே தெளிவு பெறுகிறேன். இருப்பினும் பல ஆண்டுகளாகக் கிராமங்களில் நடந்து, வயல் வரப்பில் நின்று, குடியானவர்களோடு பேசிய பழக்கத்தில் சிலவற்றைச் சொல்ல இயலும்.

சியா என்பது துளசி, தும்பை, திருநீற்றுப் பச்சிலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. நாம் சர்பத்தில் இடும் சப்ஜா விதை திருநீற்றுப் பச்சிலையின் விதையாகும். சியாவும் அதைப் போலவே தண்ணீர் பட்டால் வழவழப்பாக ஊதிக் கொள்ளும். அதன் தாயகம் மெக்சிகோவும் குவாதமாலாவும். அங்கே பண்டைய ஆஸ்டெக் மக்கள் மக்காச்சோளத்தோடு இதனையும் உணவாகக் கொண்டனர். அவர்கள் அரசுக்குச் செலுத்திய திறைப் பொருள்களில் சியாவும் ஒன்று. ஸ்பானியர் ஆட்சி வந்த பின் இப்பயிர் ஒதுக்கப்பட்டு, மலைப்புறத்துச் சிற்றூர்களில் மட்டும் நிலைத்திருந்தது. 1991ஆம் ஆண்டு முதல் அர்ஜென்டினாவின் வடமேற்குப் பகுதியில் இதனை மீண்டும் வயற்பயிராக்கும் முயற்சி தொடங்கிற்று. அதன் பிறகே உலகச் சந்தையில் இதற்கு இடம் கிடைத்தது. நம் நாட்டில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இதனை விவசாயிகளிடையே பரப்ப முன்வந்தது. அதன் பயனாகச் சென்ற பத்தாண்டில் மைசூர், சாமராஜநகர் மாவட்டங்களில் சியா பயிரானது. அவர்கள் பயிரிட்டது விதைக்காக. தழைக்காகப் பயிரிடுவது வேறு கணக்கு.

அயல்நாட்டுச் செடி என்பதற்காக இதனை நான் மறுக்கப் போவதில்லை. மிளகாயும் நிலக்கடலையும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. நமது மாநிலத்தில் 1950களில் சமூக வளர்ச்சித் திட்டம் நடந்த காலத்தில், ஒவ்வொரு வரப்பிலும் நடச் சொல்லி ஊழியர்கள் ஊரூராகப் பிரசாரம் செய்த கிளைரிசிடியா மத்திய அமெரிக்காவின் மரம். தண்டிலும் முடிச்சு விடும் மணிலா அகத்தி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஊர் எது என்று பாராமல், நிலத்திற்கு என்ன கொடுக்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

பசுந்தாள் உரப் பயிரிடம் நாம் எதிர்பார்ப்பவை பல. நிலத்தை மூடி வெயிலிலிருந்து காக்க வேண்டும். களையை அடக்க வேண்டும். தழையாக மண்ணில் மட்கி, மண்ணின் கட்டமைப்பைத் திருத்த வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்து வரும் நெல்லுக்குத் தழைச்சத்தைக் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். கடைசியாகச் சொன்ன இந்தக் காரியத்தில்தான் செடிக்குச் செடி வேறுபாடு பெரிது.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருக்கிறது. ஆனால் செடியால் அதனை நேரே எடுத்துக் கொள்ள இயலாது. அவரை இனத்துச் செடிகளின் வேரில் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் குடிபுகுந்து முடிச்சுகளை உண்டாக்குகிறது. செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. தக்கைப்பூண்டு, சணப்பு, கொளிஞ்சி, அகத்தி, நரிப்பயறு எல்லாம் இவ்வினத்தைச் சேர்ந்தவை. இது உண்மையா என்று எவரும் தாமே பார்த்துக் கொள்ளலாம். முப்பது நாள் தக்கைப்பூண்டு ஒன்றை மண்ணோடு மெல்லத் தோண்டி எடுத்து, வேரிலுள்ள முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை, அல்லது முடிந்து விட்டது. எங்கள் வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளை வயலுக்கு அழைத்துச் சென்று இதனைக் காட்டியிருக்கிறோம். அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லும் செய்திக்கு எங்கள் துண்டுப் பிரசுரத்தை விட வலிமை அதிகம்.

சியாவின் வேரில் இந்த முடிச்சு இல்லை. துளசிக் குடும்பத்தில் எச்செடிக்கும் இல்லை. ஆகவே சியாவின் தழையில் இருக்கும் தழைச்சத்து முழுவதும் அந்த மண்ணிலிருந்தே அது எடுத்ததாகும். மடக்கி உழுதால் எடுத்ததைத் திரும்பக் கொடுக்கிறது. புதிதாக எதையும் கொண்டு வருவதில்லை. இதனால் சியா பயனற்றது என்று ஆகிவிடாது. முன்பயிருக்கு இட்ட உரத்தில் மிச்சமிருப்பது மழை நீரோடு அடிமண்ணுக்கு இறங்கிப் போகாமல் பிடித்து வைப்பதும் ஒரு தொண்டுதான். குளிர் நாடுகளில் கடுகு, முள்ளங்கி முதலியவற்றை மூடுபயிராக விதைப்பது இதற்காகவே. உரம் மிகுதியாக இட்ட காய்கறித் தோட்டத்தில் அது பொருந்தும். ஆனால் ஏற்கெனவே சத்திழந்து கிடக்கும் மானாவாரி நிலத்திலும், ஆண்டு முழுவதும் நெல் விளைந்து களைத்த நன்செய்யிலும் பிடித்து வைப்பதற்கே ஒன்றும் இருப்பதில்லை. அங்கே வெளியிலிருந்து கொண்டு வரும் செடிதான் வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சியா பூத்த பிறகு தண்டு நாராகி விறைத்து விடும். அத்தகைய தண்டை மண்ணில் உழுது விட்டால், அதனை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக் கொள்ளும். அடுத்து நட்ட நாற்று சில வாரங்கள் மஞ்சளித்து நிற்கும். உரம் போட்டும் பயிர் வெளுத்ததே என்று குடியானவர் திகைப்பார். தக்கைப்பூண்டும் முற்றினால் தண்டு கட்டையாகி விடும். ஆயினும் அதன் தழைச்சத்து மிகுதியாதலால் தீங்கு குறைவு.

கணக்குப் பார்ப்போம். தக்கைப்பூண்டு நன்றாக வளர்ந்தால் எக்டேருக்கு 20 டன்னுக்கு மேலும் தழை தரும் என்று கூறுவர். அது நல்ல நிலத்தில், நல்ல நீரில் கிடைப்பது. சாதாரணக் குடியானவர் வயலில் ஏக்கருக்கு 5 டன் என்றே கொள்கிறேன். பச்சைத் தழையில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு அளவில் இருக்கும். எனவே 5 டன்னில் 25 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது ஏறக்குறைய 20.7 கிலோ. ஆக ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவைவிடச் சற்று அதிகம். இதிலும் ஒரு பகுதி மண்ணிலிருந்து எடுத்ததே.

இவ்விடத்தில் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசு மானியத்தால் யூரியா மூட்டையின் விலை அண்மை ஆண்டுகளில் ரூ. 266.50 என்ற அளவில் இருந்து வருகிறது. ஓர் ஏக்கருக்குத் தக்கைப்பூண்டு விதை 20 கிலோ, இரண்டு உழவு, முளைக்க ஒரு தண்ணீர், மடக்கி உழும் கூலி இவை எல்லாவற்றையும் கூட்டினால் அந்த மூட்டையின் விலையைப் போலப் பன்மடங்கு ஆகும். வெறும் தழைச்சத்துக் கணக்கில் பசுந்தாள் உரம் தோற்றுப் போகும். இக்கணக்கைச் சொல்லாமல் மறைத்துப் பிரசாரம் செய்பவரைக் குடியானவர் நம்புவதில்லை. அவர் நம்மைவிட விரைவாக விரலை மடக்கிக் கணக்குப் போடுபவர்.

மூட்டையில் இல்லாதது கரிமச் சத்து. 5 டன் பச்சைத் தழை காய்ந்தால் ஒரு டன் இருக்கும். அதில் ஏறக்குறைய 400 கிலோ கரிமம். மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் நூற்றுக்கு 0.5க்குக் கீழ் இருந்தால் குறைவு என்றும், 0.75க்கு மேல் இருந்தால் அதிகம் என்றும் குறிப்பர். நம் வெயிலில் தழை வேகமாக மட்கி, அதன் கரிமத்தில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் காற்றோடு போய்விடும். சிறு பகுதியே மண்ணில் தங்கும். அந்தச் சிறு பகுதிதான் மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது, நீரைப் பிடிக்கச் செய்கிறது, களர் மண்ணின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. ஆகவே ஓராண்டு பசுந்தாள் விதைத்துவிட்டு மண் மாறவில்லையே என்று கேட்பது பொருந்தாது. நான்கைந்து ஆண்டு தொடர்ந்து செய்தாலே பலன் கண்ணுக்குத் தெரியும். இதனை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னர் இதற்கே திரும்பி வருவேன்.

இனி, நம் ஊர்ப் பருவத்தில் சியா எப்படி நடந்து கொள்ளும் என்று பார்ப்போம். அது பகல் குறுகும் காலத்தில் பூக்கும் செடி. சென்னையில் ஆனி மாதத்தில் பகல் 13 மணிக்குச் சற்றுக் குறைவு, மார்கழியில் 11 மணி 20 நிமிட அளவு. ஆனி, ஆடியில் விதைத்தால் சில காலம் தழையாக வளரும். ஐப்பசிக்குப் பிறகு விதைத்தால் முழங்கால் உயரத்திலேயே கதிர் விட்டுப் பூக்கத் தொடங்கும், தழை மிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரை மாவட்டங்களில் பெய்யும் மழையைச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கினால் சியா அழுகும். சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு விதைக்கலாமோ என்றால், ஆயிரம் விதைக்கு ஒன்றேகால் கிராம் எடையுள்ள அந்தச் சிறு விதையை மேலாகத்தான் தூவ வேண்டும். மேல் மண்ணோ இரண்டு நாளில் காய்ந்து விடும். முளைத்தாலும் முதல் மாதத்தில் வளர்ச்சி மெதுவாதலால் கோரையும் அருகும் முந்திக் கொள்ளும்.

பனி உறையும் நாடுகளில் சியாவுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே கோடையின் நீண்ட பகலில் அது பூக்காமல் தழைத்து நிற்கும். முதல் உறைபனியில் தானே மடிந்து நிலத்தின் மீது போர்வையாகப் படிந்து விடும். அதை அழிக்க உழவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். நம் சமவெளியில் உறைபனி ஏது? நாம்தான் அறுக்க வேண்டும். மறந்து விட்டால் விதை உதிர்ந்து அடுத்த பயிருக்கு அதுவே களையாகும். ஒரு நாட்டில் நன்மையாக இருக்கும் குணம் மற்றொரு நாட்டில் கூலிச் செலவாகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நெல் வயலுக்குச் சியா ஏற்றதன்று என்பதே என் கருத்து. தண்ணீர் நின்றாலும் பொறுக்கும், உவர் நிலத்திலும் முளைக்கும், 45 நாளில் இடுப்பளவு வளரும் தக்கைப்பூண்டு இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை. வடிகால் நன்றாக உள்ள மேட்டு நிலத்திற்குச் சணப்பு. ஆடு மாடு வாய் வைக்காத நிலம் வேண்டுமென்றால் கொளிஞ்சி. அதன் விதைத்தோல் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்தோ, வெந்நீரில் சிறிது நேரம் இட்டோ விதைத்தால்தான் ஒரே சீராக முளைக்கும். ஒரு முறை விதைத்தால் உதிர்ந்த விதையிலிருந்து பின்னரும் தானே முளைத்து வருவது அதன் சிறப்பு. நரிப்பயற்றை ஒரு தடவை மாட்டுக்கு அறுத்துப் போட்டு, துளிர்த்ததை உழலாம். மாடு உள்ள குடிக்கு அதைவிட நல்ல பயிர் இல்லை.

சியாவுக்கு இடமே இல்லையா என்றால், இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று பல தானிய விதைப்பு. இயற்கை வேளாண்மையில் நம்மாழ்வார் வழி நிற்போர் தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், பசுந்தாள் பயிர் என வகைக்குச் சிலவாக இருபது வரை கலந்து விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவர். எள், ஆமணக்கு முதலிய எண்ணெய் வித்துகளோடு ஒரு பிடி சியாவையும் அதில் சேர்ப்பதில் தவறில்லை. பயற்றினம் தழைச்சத்தைத் தரும், மற்றவை நிலத்தை மூடும். மற்றொன்று, உங்கள் மாடித் தோட்டம்.

மாடித் தோட்டத்தில் கத்தரி, தக்காளி முடிந்த பின் பையிலுள்ள மண் வெறுமனே வெயிலில் காய்ந்து கிடக்கிறது. அதனை மூடி வைக்கச் சியா போதும். விதைக்கு முன் ஊற வைக்காதீர்கள். ஊறினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி விடும். உலர்ந்த விதையை ஐந்து பங்கு மெல்லிய மணலோடு கலந்து தூவி, மேலே மண் மூடியும் மூடாமலும் விட்டு, பூவாளியால் மட்டும் நீர் தெளியுங்கள். நூறு கிராம் பொட்டலத்தில் ஏறக்குறைய 80,000 விதை இருக்கும். ஒரு பைக்கு ஒரு சிட்டிகை தாராளம். வறுத்த விதை முளைக்காது. பூமொட்டு தோன்றுமுன் அடியோடு கத்தரித்து, வேரை மண்ணிலேயே விட்டு, தழையை மேலே மூடாக்காகப் பரப்புங்கள்.

ஆனால் தாய்மார்களுக்கு ஒன்று சொல்வேன். கடையில் விலை கொடுத்து வாங்கிய சியாவை விட, வீட்டில் வண்டு விழுந்து போன தட்டைப்பயறும் கொள்ளும் முழுப் பாசிப்பயறும் உங்கள் தொட்டிக்கு மேலானவை. வண்டு துளைக்காத விதைகள் அவற்றில் பாதியாவது இருக்கும். நெருக்கமாக விதைத்து, முப்பது முப்பத்தைந்து நாளில் கத்தரித்து மேலே போட்டால், வேர் முடிச்சும் உள்ளே இருக்கும், தழையும் மேலே இருக்கும். உடைத்த பருப்பு மட்டும் முளைக்காது. சியாவையும் பயற்றையும் கலந்து விதைத்தால் இரண்டின் நன்மையும் உண்டு.

இப்போது வயலுக்கு வருகிறேன்.

இந்த ஆழ்வார்பேட்டையும் ஒரு காலத்தில் தோட்டங்களின் நடுவே இருந்த ஊர்தான். இதற்கு மேற்கே நீண்ட ஏரி என்ற பெரிய ஏரி இருந்தது. 1920களில் அதனை வடித்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளிதான் 1906இல் கோவைக்குச் சென்று, பின்னர் 1971இல் வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. வேளாண்மைக் கல்வி பிறந்த இடத்திற்குப் பக்கத்தில் அமர்ந்து இதைப் பேசுகிறோம். உங்களுக்கும் நிலத்துக்கும் உள்ள தொடர்பு இன்று பெரும்பாலும் பட்டாவும் குத்தகையுமாகவே இருக்கிறது. அதில் குறை ஒன்றும் இல்லை. பிள்ளைகளைப் படிக்க வைக்க ஊரை விட்டு வந்தீர்கள். ஆனால் பசுந்தாள் உரம் ஏன் பரவவில்லை என்று ஆராய்ந்தால், அந்தக் குத்தகையின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் ஒரு கோடையில், மானிய விலையில் தக்கைப்பூண்டு விதை வந்திருக்கிறது, வாங்கிக் கொள்ளுங்கள் என்று ஊராட்சி மன்றக் கட்டிடத்தில் கூட்டம் போட்டுச் சொன்னோம். சொந்த நிலம் உள்ளவர்கள் சிலர் பெயர் கொடுத்தார்கள். குத்தகைக்கு உழுபவர்கள் வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து, வயதான ஒருவர் என்னருகில் வந்தார். "ஐயா, நீங்க சொல்றது எல்லாம் சரி. இந்த வருஷம் நான் தழை மிதிச்சு மண்ணைத் திருத்துவேன். அடுத்த வருஷம் அதே வயல் என் கையில இருக்கும்னு யார் சொல்லுவாங்க?" என்று கேட்டார். அவர் உழுவது சென்னையில் இருக்கும் ஒருவரின் நிலம். வாய்ப்பேச்சுக் குத்தகை. ஆண்டுக்கு ஒரு முறை, அறுவடை முடிந்ததும், பணத்தைக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கும் தருவார்களா என்று கேட்டு வருவார்.

அவருடைய கணக்கில் பிழை ஏதும் இல்லை. சற்று முன் சொன்னேன், நான்கைந்து ஆண்டு தொடர்ந்தால்தான் மண் திருந்தும் என்று. ஓராண்டுக் குத்தகைக்காரருக்கு நான்காம் ஆண்டுப் பலன் யாருக்கோ போகும் பலன். அவருக்கு உடனே பயன் தருவது யூரியா மூட்டை. ஆகவே மூட்டை போடுகிறார், மண் இறுகுகிறது, அடுத்து வருபவர் ஒரு மூட்டை கூடுதலாகப் போடுகிறார். நிலம் கைமாறக் கைமாற அதன் தரம் இறங்குகிறது. நிலத்தின் உடைமைக்காரருக்கு அது தெரிவதில்லை, ஏனெனில் குத்தகைப் பணம் குறையாமல் வருகிறது. குறையும் நாள் வரும்போது, 'இந்தக் காலத்துக் குடியானவர்கள் சரியாக உழைப்பதில்லை' என்று அவர்மீது பழி விழும்.

உடைமையாளர்கள் ஏன் ஆண்டுதோறும் ஆளை மாற்றுகிறார்கள், ஏன் எழுத்தில் எதையும் கொடுப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். 1955ஆம் ஆண்டின் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இல் வந்த சட்டமும் இருக்கின்றன. எழுதிக் கொடுத்தால் நிலம் திரும்ப வராதோ என்ற அச்சம் இருக்கிறது. அந்தச் சட்டங்கள் வந்த காலத்தில் உழுபவனை அடுத்த நாளே வரப்பை விட்டு இறக்கி விடும் வழக்கம் இருந்தது. அவை வந்ததற்கு அதுவே காரணம். அச்சத்தைப் பற்றி நான் வாதம் செய்ய இங்கு வரவில்லை. சட்ட ஆலோசனை சொல்லும் அதிகாரமும் எனக்கு இல்லை. உங்கள் வழக்கறிஞரைக் கேட்டுக் கொள்ளுங்கள். ஆனால் எழுத்தை ஒதுக்கி வைத்தாலும், பசுந்தாள் உரத்தைப் பொறுத்தவரை உங்களால் செய்யக்கூடியவை சில உண்டு.

விதையை நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ. உழுது மடக்கும் செலவிலும் பாதியை ஏற்றுக் கொள்ளுங்கள். நிலம் உங்களுடையது. அதில் தங்கும் கரிமமும் உங்களுடையதே. உங்கள் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் செலவைக் குடியிருப்பவரிடமா கேட்கிறீர்கள்? அதனுடன், இன்னும் மூன்று போகத்திற்கு ஆளை மாற்றுவதில்லை என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் வாக்குக் கொடுங்கள். கிராமத்தில் அவ்வாறு சொன்ன சொல் இன்னும் செல்லுபடியாகிறது. பசுந்தாள் நிற்கும் 50 நாளுக்குக் குத்தகையில் சிறிது தள்ளிக் கொடுப்பதும் உண்டானால் நன்று. எங்கள் வட்டாரத்தில் இவ்வாறு செய்யும் உடைமையாளர்கள் இருக்கிறார்கள். மிகச் சிலர்தான், எனினும் அவர்களுடைய வயலை வரப்பில் நின்று பார்த்தாலே கண்டுபிடித்து விடலாம். மண்வெட்டி அங்கே இறங்கும் விதமே வேறு.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லி விடுகிறேன். தை மாதம் சம்பா அறுவடையை ஒட்டிக் குத்தகைக்காரர் உளுந்தோ பயறோ தெளிக்கிறார். அந்த வருமானம் அவர் கையில் புழங்கும் பணம். அதை நிறுத்தி விட்டுப் பசுந்தாள் விதைக்கச் சொல்லாதீர்கள். உளுந்து அறுத்த பிறகு, சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழையைப் பிடித்து விதைத்தால் ஆனி, ஆடியில் மடக்கி உழலாம். அதற்குப் பின் சம்பா நடவுக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. குறுவை நடும் நிலத்தில் இடைவெளி குறைவு. அங்கே கட்டாயப்படுத்த வேண்டாம். வரப்போரத்துக் கிளைரிசிடியா, புங்கம், வேம்பு ஆகியவற்றின் தழையை வெட்டிப் போட்டால் போதுமானது.

விதைக்கும் முறையில் ஒன்றைத்தான் பலர் விட்டு விடுகிறார்கள். நெல்லுக்கு என்று வைத்திருக்கும் சூப்பர் பாஸ்பேட்டில் ஒரு பகுதியைத் தக்கைப்பூண்டுக்கே இட்டு விட வேண்டும். மணிச்சத்து கிடைத்தால் வேர் முடிச்சு நன்றாகப் பிடிக்கும், தழையும் பெருகும். மட்கிய பிறகு அந்த மணிச்சத்து நெல்லுக்கே திரும்பி வரும். செலவில் ஒரு காசு கூடாது. ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் தடவி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். பூ எட்டிப் பார்க்கும் தருணம், அதாவது 45 முதல் 50 நாளுக்குள், வயலில் தண்ணீர் கட்டி மடக்கி உழுது, ஒரு வாரம் பத்து நாள் மட்க விட்டு நடவு செய்யலாம். இன்னும் பத்து நாள் நின்றால் தழை கூடுமே என்று ஆசைப்பட்டு முற்ற விடுபவர்கள், டிராக்டரின் சுழல் கலப்பையில் நார் சுற்றிக் கொண்டு நாள் முழுவதும் அறுத்து எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பசுந்தாள் விதைக்கு அரசு உதவி உண்டு. 2024-25ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்ட'த்தில் இதற்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அவ்வப்போது என்ன மானியம், எவ்வளவு இருப்பு என்பதை உங்கள் நிலம் இருக்கும் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் சொல்வார்கள். உழுபவரிடம் நிலத்தின் ஆவணம் இராது. மானியத்திற்குப் பட்டா, சிட்டா கேட்கும்போது அவர் வெறுங்கையோடு திரும்புகிறார். எத்தனையோ குத்தகைக்காரர்கள் விதை வாங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நகல்களை எடுத்து, கையொப்பமிட்டு, மாசி மாதத்திற்குள் ஊருக்கு அனுப்பி வையுங்கள். பங்குனியில் விதை வந்து சேரும்போது அவர் கையில் அது இருக்க வேண்டும்.